சாப்பாட்டுச் செலவின் பங்கு பாதியாகக் குறைந்தும் மாதக் கடைசியில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை?

மாதக்கடைசி எழுதியது:

வணக்கம். வீட்டுக் கணக்குக் கேள்விதான், ஆனால் பொருளாதாரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

அப்பா வேலையில் இருந்த காலத்தில் அம்மா ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி வைப்பார். அதில் ஒரு வருடத்தை எக்செல்லில் ஏற்றி, எங்கள் வீட்டின் இப்போதைய கணக்கோடு வைத்துப் பார்த்தேன். விலைவாசி வேறு என்பதால் தொகையை விட்டுவிட்டேன். மொத்தச் செலவில் எதற்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் பார்த்தேன். அம்மாவின் கணக்கில் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சாமான்கள்தான். எங்களுக்கு வெளியே சாப்பிடுவதையும் சேர்த்தே கால்வாசிக்குச் சற்று மேல். துணிமணியும் சுருங்கிவிட்டது. ஆனால் அம்மாவின் நோட்டில் இல்லவே இல்லாத தலைப்புகள் எங்கள் கணக்கில் வரிசையாக நிற்கின்றன: இணையம், காப்பீடு, சந்தாக்கள், குழந்தைக் காப்பகம், உடற்பயிற்சிக் கூடம், வீட்டுக் கடன் தவணை.

அவர்களைவிட எங்கள் வருமானம் நிஜமாகவே அதிகம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும். ஆனால் சேமிப்பு விகிதம் அம்மா மிச்சம் பிடித்த அளவைத் தாண்டவில்லை. சில மாதங்களில் அதுவும் இல்லை. நாடு வளரும்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்குமா, இல்லை நாங்கள்தான் ஊதாரிகளா? சாப்பாட்டிலிருந்து விடுபட்ட பணம் எங்கே போகிறது?

வளைகோடு எழுதியது:

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பெயரே இருக்கிறது: எங்கல் விதி. மார்க்சின் நண்பர் எங்கெல்ஸ் வேறு. இவர் எர்ன்ஸ்ட் எங்கல், சுரங்கப் பொறியியல் படித்துவிட்டுப் புள்ளிவிவரத்துக்கு வந்தவர், சாக்சனி அரசின் புள்ளிவிவர அலுவலகத்தை நடத்தியவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களிடம் ஏற்கெனவே திரட்டியிருந்த செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு 1857இல் எழுதினார். பொது உதவியில் வாழும் குடும்பங்கள் செலவில் சுமார் 71 சதவீதத்தை உணவுக்குக் கொடுத்தன. உதவியில்லாமல் ஒருவழியாகச் சமாளித்தவர்கள் 67. ஓரளவு வசதியாக இருந்தவர்கள் 62. வருமானம் கூடக் கூட உணவின் பங்கு குறைகிறது என்றார். பங்குதான் குறைகிறது, தொகை இல்லை. தொகை கூடத்தான் செய்யும்.

ஒரே காலத்தில் ஏழை வீட்டையும் வசதியான வீட்டையும் ஒப்பிட்டாலும் சரி, ஒரே நாட்டின் இரண்டு காலங்களை ஒப்பிட்டாலும் சரி, இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நிற்கிறது. அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை ஒரு நூற்றாண்டுக் கணக்கை ஒப்பிட்டது. 1901இல் உணவு 42.5 சதவீதம், துணி 14, வீடு 23.3. 2002-03இல் உணவு 13.1, துணி 4.2, வீடு 32.8. இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அன்று கிட்டத்தட்ட 80, பின்னால் 50. உங்கள் அம்மாவின் நோட்டுக்கும் உங்கள் எக்செல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், ஒரே தலைமுறையில் நடந்திருக்கிறது.

சேமிப்புக்கும் ஒரு கதை உண்டு. வருமானம் கூடினால் சேமிக்கும் பங்கும் கூடும் என்று 1936இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் எதிர்பார்த்தார். சைமன் குஸ்னெட்ஸ் அமெரிக்காவின் பல பத்தாண்டுக் கணக்கைத் தோண்டியபோது, வருமானம் பல மடங்கு உயர்ந்தும் சேமிப்பின் பங்கு பெரிதாக நகரவில்லை என்று தெரிந்தது. டூசன்பெரி 1949இல் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும்: மக்கள் செலவு செய்வது தங்கள் வருமானத்தைப் பார்த்து மட்டும் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் வாழும் விதத்தையும் பார்த்து. எல்லோரும் சேர்ந்து உயர்ந்தால் யாருடைய மிச்சத்தின் பங்கும் கூடுவதில்லை. ஆகவே உங்களை ஊதாரி என்று சொல்ல மாட்டேன். சொல்வதென்றால் எல்லோரையும் சொல்ல வேண்டும்.

எதிர்க்கேள்வி எழுதியது:

விதி விதி என்கிறீர்கள். ஜப்பானில் 2005 வாக்கில் 23 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்த உணவின் பங்கு, 2024இல் இரண்டு பேரோ அதற்கு மேலோ உள்ள வீடுகளில் 28.3 ஆக ஏறிவிட்டது. நாற்பது வருடங்களுக்கு மேல் காணாத உயரம். சீனாவில் 2019இல் 28.2 ஆக இருந்தது, அடுத்த வருடமே 30.2. ஜப்பான் ஏழை நாடாகிவிட்டதா?

வளைகோடு எழுதியது:

2020இல் சீனாவில் மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். பயணம், பொழுதுபோக்கு எல்லாம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. வகுக்கும் எண்ணான மொத்தச் செலவு சுருங்கினால் விகிதம் ஏறும். ஜப்பானில் உணவு விலை கூலியைவிட வேகமாக ஏறியது. அங்கே முதியவர் வீடுகளும் அதிகம்; அவர்களுக்குப் பள்ளிச் செலவு கிடையாது, துணி குறைவு, சாப்பாட்டின் பங்கு இயல்பாகவே கூடுதல். எங்கல் சொன்னது, மற்றவை மாறாமல் வருமானம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான்.

பழைய கணக்கெடுப்பாளர் எழுதியது:

நீண்ட காலம் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் களப்பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். படிவத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாக உட்கார்ந்து கேட்பது என் வேலையாக இருந்தது. வளைகோடு சொன்ன எண்களில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்குத் தேவையான விஷயம் எண்களுக்கு இடையில் கிடக்கிறது.

முதலில் உணவுக்குள்ளேயே நடப்பதைச் சொல்கிறேன். பங்கு குறைகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், உள்ளே ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மலிவான தானியத்திலிருந்து நல்ல தானியத்துக்குப் போவார்கள். அப்புறம் தானியமே குறையும்; பால், முட்டை, இறைச்சி, பழம் ஏறும். 1941இல் பென்னட் என்ற பொருளாதார அறிஞர் இதைச் சொன்னார்: வருமானம் கூடினால் உண்ணும் கலோரியில் மாவுச்சத்து உணவின் பங்கு இறங்கும். அதற்கும் அப்புறம் வருவது சமைத்து வாங்குவதும் பொட்டலத்தில் வாங்குவதும். இந்தியக் கணக்கெடுப்பில் கிராமப்புறச் செலவில் தானியத்தின் பங்கு 2011-12இல் ஏறக்குறைய 11 சதவீதம், 2022-23இல் சுமார் 5. இதில் இலவசமாகக் கிடைத்த தானியத்துக்கு மதிப்புப் போடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே 2022-23இல் பானமும் பதப்படுத்திய உணவும் 9.6. சாப்பாட்டுச் செலவிலேயே மிகப் பெரிய ஒற்றைத் தலைப்பு அதுதான். இன்னொரு விசித்திரம்: 1980களிலிருந்து இருபது வருடங்களுக்கு மேல் இந்தியாவில் தலைக்குச் சாப்பிட்ட கலோரி குறைந்துகொண்டே வந்தது, மக்களின் செலவு கூடியபோதிலும். பொருளாதார அறிஞர்கள் டீட்டனும் டிரேசும் 2009இல் இதை விரிவாக எழுதினார்கள். உடலுழைப்பு குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். நான் பார்த்த வீடுகளை நினைத்தால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து, நிலைத்து உழைக்கும் பொருட்கள். எங்கள் படிவத்தில் கடைசிப் பக்கங்கள் இவற்றுக்குத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் பக்கங்களை வேகமாக வாசிப்போம்: இருக்கிறதா, இல்லை, இருக்கிறதா, இல்லை, முடிந்தது. ஓய்வு பெறும்போது அதிக நேரம் பிடித்தவை அவைதான். இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, அலையாக வரும். ஜப்பானில் 1950களில் துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கறுப்பு வெள்ளை டிவி மூன்றையும் அரச பரம்பரையின் மூன்று புனிதப் பொருட்களோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அடுத்த பத்தாண்டில் அந்த இடத்துக்குக் கார், ஏசி, வண்ண டிவி வந்தன. சீனாவில் 1970களில் கல்யாணத்துக்கு எதிர்பார்த்தவை சைக்கிள், கைக்கடிகாரம், தையல் இயந்திரம், ரேடியோ. வருமானம் ஒரு மட்டத்தைத் தாண்டியதும் ஒரு தெருவே ஒரே நேரத்தில் வாங்கும். அதுவரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

வாங்கிய விலையோடு அது முடிவதில்லை. பொருளை வாங்கும் முடிவு ஒருமுறை எடுக்கிறோம். மின்சாரம், பழுது, எரிபொருள், காப்பீடு, பிறகு அதற்கு மாற்று என்று அது எல்லா மாதமும் கணக்கில் உட்கார்ந்திருக்கும். கைபேசி வந்தபோது பட்டியலில் ஒரு பொருள் கூடியது என்று நினைத்தோம். கூடியது மாதாமாதம் கட்டும் ஒரு கட்டணம்.

அப்புறம், உங்கள் அம்மாவின் நோட்டில் இல்லாத தலைப்புகள். குழந்தைக் காப்பகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலை அப்போதும் நடந்தது, யாரோ சம்பளமில்லாமல் செய்தார்கள், அதனால் நோட்டில் ஏறவில்லை. சமையலில் பாதி, தையல், முதியவரைப் பார்த்துக்கொள்வது எல்லாமே அப்படித்தான். வீட்டில் இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் வருமானம் கூடுகிறது. அதே நேரத்தில் வீட்டுக்குள் காசில்லாமல் நடந்த வேலை காசு கொடுத்து வாங்கும் சேவையாகிறது. வருமானம் கூடிய அளவுக்கு வாழ்க்கை வசதி கூடியதாகத் தோன்றாததற்கு இது ஒரு பெரிய காரணம். நாட்டின் உற்பத்திக் கணக்கிலும் இதே மாயம் உண்டு. அம்மா சமைத்தால் அதில் வராது, கடையில் சமைத்தால் வரும்.

இதில் இன்னொரு சிக்கல். இப்படி வெளியே போன வேலைகள் விலை இறங்காத வேலைகள். துணியின் பங்கு ஏன் சுருங்கியது? இயந்திரம் வந்து ஒரே ஆள் பத்து மடங்கு நெய்கிறார். ஆனால் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள அன்றும் இன்றும் ஒரு ஆளின் முழுக் கவனம் வேண்டும். வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1960களில் இசைக் கச்சேரியை வைத்து இதை விளக்கினார்கள். நான்கு பேர் வாசிக்கும் இசையை இருநூறு வருடம் கழித்தும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும், ஆனால் அவர்களுக்கு இன்றைய சம்பளம் கொடுக்க வேண்டும். மற்ற துறைகளில் சம்பளம் ஏற ஏற, ஆசிரியர், செவிலியர், பராமரிப்பாளர் சம்பளமும் ஏறத்தான் வேண்டும். அதனால் வளரும் பொருளாதாரத்தில் பொருட்கள் மலிவாகிக்கொண்டே போகும், படிப்பும் வைத்தியமும் கனத்துக்கொண்டே போகும். உங்கள் பணம் போன திசை இது.

மாதக்கடைசி எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. காப்பகம் விஷயத்தைப் படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். ‘அப்பாவின் சட்டையெல்லாம் நான்தான் தைத்தேன், அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பேன்?’ என்றார்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. பணம் எங்கே போகிறது என்பது சரி. ஆனால் இறுக்கம் ஏன்? அம்மாவின் காலத்தில் கஷ்டம் இருந்தது, ஆனால் மாதக் கடைசியைப் பார்த்து இப்படிப் பயந்ததாக அவர் சொல்வதில்லை.

பழைய கணக்கெடுப்பாளர் எழுதியது:

நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான், முந்தைய பதில் நீண்டுவிட்டதால் விட்டுவிட்டேன்.

அம்மாவின் கணக்கில் பாதிக்கு மேல் இருந்த சாப்பாட்டுச் செலவைப் பாருங்கள். அது தினமும் முடிவு செய்யும் செலவு. கையில் குறைந்தால் நாளைக்கே குறைக்கலாம்: விலை குறைந்ததை வாங்கலாம், அளவைக் குறைக்கலாம், ஒரு சாமானை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். கஷ்டம்தான், அதற்காக அதைப் புகழவில்லை. ஏழை வீட்டில் அந்தக் குறைப்பு வயிற்றில் விழுகிறது. ஆனாலும் செலவின் கடிவாளம் கையில் இருந்தது. உங்கள் கணக்கில் பெரிய தலைப்புகள் எவை? வீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், காப்பகம், காப்பீடு, இணையம். இவற்றில் எதை நாளைக்குக் குறைப்பீர்கள்? எல்லாம் எப்போதோ எடுத்த முடிவுகள், மாதம் பிறந்ததும் தானாகவே கழிகின்றன.

நாடு வளரும்போது வீட்டுச் செலவில் நடக்கும் பெரிய மாற்றமாக நான் கருதுவது இதைத்தான். உணவின் பங்கு இறங்குவதை எல்லோரும் அளக்கிறார்கள். ஆனால் சின்னச் சின்னதாகத் தினமும் மாற்றக்கூடிய செலவிலிருந்து, பெரிதாக, அரிதாகவே மாற்றக்கூடிய செலவுக்குக் குடும்பம் நகர்ந்துவிடுகிறது என்பதை எங்கள் படிவம் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் பழைய மனக்குறை. ராஜ் செட்டியும் ஆடம் செய்டலும் 2007இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு எழுதினார்கள். வீடு மாதிரி மாற்றுவதற்கே செலவு பிடிக்கும் விஷயங்களில் குடும்பங்கள் தங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டிருப்பதால், வருமானத்தில் ஒரு சின்னச் சறுக்கல் வந்தாலும் அந்த அடி முழுவதும் மீதமுள்ள கொஞ்சத்தின் மேல் விழுகிறது என்பது அதன் சாரம். உங்கள் பயத்துக்குக் காரணம் செலவின் அளவைவிட அதன் இறுக்கம். சம்பளம் ஒரு மாதம் பாதியாக வந்தால் உங்கள் அம்மாவைவிட உங்களுக்கு நெளிய இடம் குறைவு.

களத்தில் இது வேறு விதமாகத் தெரியும். படிவத்தில் சில செலவுகளைக் கடந்த 7 நாளுக்கும் சிலவற்றைக் கடந்த 365 நாளுக்கும் கேட்போம். குறைந்த வருமான வீட்டில் 7 நாள் கணக்கைக் கேட்டால் மளமளவென்று சொல்வார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றையும் யோசித்து வாங்கியிருப்பார்கள். வசதியான வீட்டில் 365 நாள் கணக்குக்குப் பில்லை எடுத்து வந்து காட்டுவார்கள், போன வாரம் என்ன வாங்கினீர்கள் என்றால் முழிப்பார்கள். மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாவை யாருமே முதல் தடவையில் சொன்னதில்லை.

எதிர்க்கேள்வி எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். காப்பீடும் பள்ளிக் கட்டணமும் இறுக்கம் மட்டும் இல்லை, பாதுகாப்பும்கூட. அம்மா காலத்தில் யாருக்காவது பெரிய வியாதி வந்திருந்தால் நோட்டில் அந்த வருடம் என்ன ஆகியிருக்கும்? அப்போது மாத இறுக்கம் குறைவு, விழுந்தால் பள்ளம் ஆழம். எந்த நாட்டில் வைத்தியத்தையும் படிப்பையும் அரசு வரியிலிருந்து பார்த்துக்கொள்கிறதோ, அங்கே வீட்டுக் கணக்கில் இந்தத் தலைப்புகளே சிறிதாக இருக்கும். பணக்கார நாடுகளுக்குள்ளேயே ஒரு நாட்டுக் குடும்பத்தின் கணக்கும் இன்னொரு நாட்டுக் குடும்பத்தின் கணக்கும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கணக்கெடுப்பாளர் எழுதியது:

சரியான திருத்தம். வரியும் ஒரு தவணைதான் என்று வைத்துக்கொண்டால் இன்னும் சரி.

மாதக்கடைசி, ஒரு சந்தேகம். வீட்டுக் கடன் தவணை முழுவதையும் செலவில்தானே போட்டிருக்கிறீர்கள்?

மாதக்கடைசி எழுதியது:

ஆமாம். மாதாமாதம் போகிறதே.

பழைய கணக்கெடுப்பாளர் எழுதியது:

கணக்கு முறைப்படி அது தப்பு. தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. அசலைக் கட்டும் பகுதி சேமிப்பு. உங்கள் கடன் குறைகிறது, வீட்டில் உங்கள் பங்கு கூடுகிறது. நாட்டுக் கணக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், சொந்த வீட்டில் இருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக ஒரு தொகையை மதிப்பிட்டு நுகர்வில் சேர்ப்பார்கள், வாடகை வீட்டோடு ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காக. உங்கள் எக்செல்லுக்கு அவ்வளவு வேண்டாம். வங்கிக் கடன் அறிக்கையில் அசலும் வட்டியும் தனித்தனியாக இருக்கும். பிரித்துப் போட்டுவிட்டு சேமிப்பு விகிதத்தை மறுபடி பாருங்கள். அம்மா வாடகை வீட்டில் இருந்தாரா?

மாதக்கடைசி எழுதியது:

வாடகை வீடுதான். பிரித்துப் போட்டேன். கடன் வாங்கி அதிக வருடம் ஆகாததால் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. சேமிப்பு விகிதம் அம்மாவின் விகிதத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் மூன்று புள்ளிகள்தான். வட்டியை ‘வாடகை’ என்ற தலைப்பில் போட்டால் அம்மாவுடைய வாடகைப் பங்கைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வருகிறது. தானாகக் கழியும் சந்தாக்களையும் தேடினேன். யாரும் பயன்படுத்தாத ஒன்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இப்போதுதான் நிறுத்தினேன்.